பம்பரும் பாதசாரியும்



புனேயிலிருந்து முன்னர் அகமத்நகர் எனப்பட்ட அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போனால் ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றான மகாகணபதி கோயில் அவ்வூருக்குப் பழம்புகழ் தந்தது. தொழிற்பேட்டை புதுப்புகழ் தந்தது. 2017-இல் ஜீப் காம்பஸ் உருவாகத் தொடங்கியதும், 2021 மார்ச்சில் விற்பனைக்கு வந்த ரேங்ளர் வண்டிகள் பொருத்தப்பட்டதும் அங்குள்ள பியட் தொழிற்சாலையில்தான். அதே ஊரில், அதே சாலையோரத்தில், கோயிலுக்கு வருவோரும் ஆலை முடிந்து செல்வோரும் கால்நடையாய்ப் போகின்றனர். வண்டியைச் செய்பவனும் வண்டியின் முன்னே நடப்பவனும் ஒருவனாகவே இருத்தலும் கூடும் என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

இத்தகைய வண்டியை வாங்கும் இளைஞர் பலர் செய்யும் முதற்காரியம் யாது? கம்பெனி தந்த பம்பரைக் கழற்றிவிட்டுப் பட்டறையிற் செய்த இரும்பு பம்பரைப் பூட்டுவதே. ரேங்ளருக்கும், நாசிக்கில் உருவாகும் மகிந்திரா தாருக்கும் இந்த ஆசை மிகுதி.

அந்தக் கலையை நான் இகழ வரவில்லை. அது உண்மையான பொறியியல். முன்சக்கரத்திலிருந்து பம்பரின் அடிவிளிம்பைத் தொட்டுச் செல்லும் கோடு தரையோடு காட்டும் கோணமே வண்டி எவ்வளவு செங்குத்தான மேட்டில் முட்டாமல் ஏறும் என்பதை முடிவு செய்கிறது. ஆகவே அடிவிளிம்பை மேலே தூக்கி, இரு ஓரங்களையும் வெட்டிக் குறைக்கிறார்கள். அட்டையில் மாதிரி வெட்டி, வண்டியில் வைத்துப் பார்த்து, பிறகுதான் தகட்டில் கை வைக்கிறான் நல்ல தொழிலாளி. சேற்றிலிருந்து இழுக்க வின்ச் வைப்பதானால், அதன் இழுதிறன் வண்டியின் எடையைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும் என்பது வழக்கம். 2 டன் வண்டிக்கு 3 டன்! அந்த இழுப்பு முழுவதும் சேஸிஸ் முனையிலுள்ள போல்ட்டுகளின் வழியே சென்றாக வேண்டும். மெல்லிய தகட்டில் வெல்டிங் வைத்தால் கிழிந்துகொண்டு வரும். 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 31 கிலோவுக்கு மேல் கனக்கும்; அந்தப் பாரத்திற்கேற்ப முன்ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும். ரேங்ளருக்குத் தனிச் சேஸிஸ் உண்டு; காம்பஸுக்கு உடலே எலும்பு. ஒன்றுக்குச் செய்த பம்பரை மற்றொன்றுக்கு மாட்ட நினைப்பவனை என்னென்பது!

இவ்வளவும் காட்டுப் பாதைக்கு. நாட்டுச் சாலைக்கோ?

"கம்பெனி பம்பர் வெறும் பிளாஸ்டிக்; தட்டினால் உடைகிறது" என்பார் நண்பர். உடையட்டுமே! உடைவதற்கென்றே அது வைக்கப்பட்டது. அந்தப் பிளாஸ்டிக் மறைப்பின் பின்னே அதிர்ச்சியை உறிஞ்சும் நுரை, அதன்பின் குறுக்குச் சட்டம், அதைத் தாங்கி நசுங்கும் பெட்டிகள் என வரிசையாய் நிற்கின்றன. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நிற்கும் வண்டியின் முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கினால், வேகம் குறையும் வீதம் சராசரியாகப் புவியீர்ப்பைப்போல் 20 மடங்கு. விறைத்த இரும்பால் நசுங்கும் தொலைவு பாதியாகுமானால் 40 மடங்கு. கணக்குத் தெரிந்தவர் போட்டுப் பார்க்கலாம். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பதும் கம்பெனி பம்பரை வைத்து அளந்து வைத்த கணக்கே. முகப்பை மாற்றினால் அந்தக் கணக்கும் பிசகலாம்.

உள்ளே இருப்பவராவது பெல்ட் அணிந்திருக்கிறார். வெளியே நிற்பவருக்கு என்ன உண்டு? பெரியவரின் இடுப்பும் சிறுவனின் தலையும் இருக்கும் உயரத்தில் அந்த இரும்பு விளிம்பு வருகிறது. அதனாலன்றோ 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டுகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது! கம்பெனியின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாதென்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் பொருள் கூறியது.

சட்டத்தின் நோக்கத்தை வரவேற்கிறேன். ஆனால் தடை ஒன்றையே வைத்துக்கொண்டு வழி ஒன்றும் காட்டாதிருப்பதை ஏற்க இயலவில்லை. கங்காரு குறுக்கிடும் ஆஸ்திரேலியாவில் இத்தகைய முன்காப்புகளைச் செய்வது ஒரு பெருந்தொழில். ஐரோப்பாவோ 2005-இல் இவற்றுக்கெனத் தனிச் சட்டமே இயற்றி, பாதசாரிக்கு ஏற்படும் தீங்கைச் சோதித்த பிறகே விற்கலாம் என்றது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் கரூரைப் பாருங்கள். பேருந்துக்குக் கூடு கட்டும் தொழில் அங்கே பட்டறைகளில் வளர்ந்தது. ஏ.ஐ.எஸ். 052 என்னும் பேருந்துக் கூட்டு விதி வந்தபோது அத்தொழிலை ஒழித்துவிடவில்லை. வாயிலின் அகலம், இருக்கையின் இடைவெளி, அவசர வழி எல்லாவற்றுக்கும் அளவு விதித்து, அங்கீகாரம் பெற்றுச் செய் என்றது. பம்பர் பட்டறைக்கு மட்டும் அந்த நீதி ஏன் இல்லை? சோதனைக்கூடமும் தொலைவில் இல்லை. 1966-இல் அமைந்த ஏ.ஆர்.ஏ.ஐ. புனேயிலேதான் இருக்கிறது. இன்ன வண்டிக்கு இன்ன பம்பர், இன்ன எடை, இன்ன வளைவு என்று சோதித்து முத்திரையிடட்டும். முத்திரையற்றது சாலையில் ஓடினால் தண்டிக்கட்டும்.

இதிலே நம் மாணவர்க்கும் பங்குண்டு. 2007 முதல் நடந்துவரும் பாஹா போட்டிக்காகக் குழாய் வளைத்து, வெல்டிங் வைத்து, முழு வண்டியையே கட்டுகிற கைகள் நம் கல்லூரிகளில் இருக்கின்றன. இறுதியாண்டுப் பணியாக ஒரு குழு இதை எடுக்கட்டும்: காட்டிலே வின்ச் தாங்க வேண்டும், சாலையிலே நுரையும் நசுங்கும் பெட்டியும் தம் வேலையைச் செய்ய வேண்டும். விளிம்பெல்லாம் உருட்டி, வின்ச்சைச் சட்டத்தின் பின்னே தாழ்த்தி வைத்துப் பார்க்கட்டும். எளிதன்று. ஆனால் மட்காடு அலங்காரம் செய்வதைவிட ஆயிரம் மடங்கு மேலான வேலை!

அதுவரை இரும்பு பம்பர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதைக் காட்டுப் பாதையின் வாயிலில் மாட்டுங்கள். திரும்பும்போது அங்கேயே கழற்றிவிட்டுப் பழைய பிளாஸ்டிக்கைப் பூட்டிக்கொண்டு வாருங்கள். சில போல்ட்டுகள்தானே!