துறைக்கு எழுதும் நிரல்: பெயர்தகைமை பற்றிய ஒரு மயக்கம்

வன்பொருளின் துறைகளை நேரே தொட்டு இயக்கும் நிரல்களையும் எல்லாப் பணிசெயல் முறைமைகளுக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்பர் ஒருசாரார். ஒரு சார்பினை எழுதி, அதனுள் லினக்ஸிற்கு ஒரு கிளை, விண்டோஸிற்கு ஒரு கிளை, பிரீ-பிஎஸ்டிக்கு ஒரு கிளை எனப் பிரித்துவிட்டால் காரியம் முடிந்தது என்பது அவர்தம் வாதம். துறை என்பது யாது என எண்ணிப் பாராது எழுந்த வாதம் இது.

இன்ரெல் 8086 வழிவந்த செயலிகளிலே நினைவகத்தின் வேறாக 65,536 துறை முகவரிகள் உண்டு. அவற்றை அணுகுதற்குத் தனிக் கட்டளைகளும் உண்டு. ஏ.ஆர்.எம். செயலிகளிலோ அத்தகைய கட்டளைகள் இல்லை. கருவிகள் நினைவக முகவரிகளாகவே தோன்றும். முறைமை வேறுபடுமுன்னரே செயலி வேறுபட்டுவிடுகின்றது. இல்லாத துறைக்கு எத்தனை கிளை எழுதி என்ன பயன்?

செயலி ஒன்றாயினும் தொல்லை தீர்வதில்லை. துறைக்கு ஒரு பெறுமானத்தை அனுப்பும் 'அவுட்பி' என்னும் சார்பு லினக்ஸிலும் உண்டு, பிரீ-பிஎஸ்டியிலும் உண்டு. முன்னதில் பெறுமானம் முதலிலும் துறை பின்னரும் வரும். பின்னதில் முறை தலைகீழ். இரண்டும் எண்களேயாதலின், மாறிகளில் இடப்பட்டிருப்பின் தொகுப்பி பெரும்பாலும் வாய் திறவாது. 888ஆம் துறையாகிய அச்சுப்பொறித் துறைக்கு 32 என எழுதக் கருதியவன், இடம் மாறியதால், 32ஆம் துறைக்கு 120 என எழுதிவிடுவான் (888 எட்டுத் துணுக்குகளுள் அடங்காமையால் 120 ஆகக் குறுகும்). 32ஆம் துறையில் இருப்பதோ குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி! பெயர் ஒன்றாயிருத்தலே ஈண்டு பொறியாகின்றது.

எம்.எஸ்.-டொஸ் காலத்தில் எவரும் எத்துறையிலும் எழுதலாம். 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரி. சாதாரண நிரல்களுக்கு அவ்வாயிலை அடைத்தது. லினக்ஸிலும் சிறப்புரிமை பெற்ற நிரலே அனுமதி கோரலாம். இதனை வீண் கெடுபிடி எனக் கொண்டு, எல்லா நிரல்களுக்கும் துறைகளைத் திறந்துவிடும் துணைச் செலுத்திகளை நிறுவுவோர் உளர். திறவுகோலைத் தேடச் சோம்பிக் கதவையே கழற்றிவைப்பவர் செயலுக்கும் இதற்கும் வேறுபாடு யாது?

துறை அணுகலைப் பெயர்க்க முடியாது, ஒதுக்கிவைக்கவே முடியும். "888க்கு 2 எழுது" என்பது ஓர் இயந்திரத்தின் பேச்சு. "இரண்டாம் விளக்கை ஏற்று" என்பது நிரலின் நோக்கம். நோக்கத்தை ஒரு கோப்பிலும், அதனை நிறைவேற்றும் வழியை முறைமைக்கொரு கோப்பிலும் வைத்தல் வேண்டும். லினக்ஸில் அவ்வழி கருவினூடாகச் சமாந்தரத் துறையை அணுகுவதாக அமையலாம். விண்டோஸில் முறையாக எழுதப்பட்ட செலுத்தியாகலாம். மேலேயுள்ள நிரல் அவற்றுள் எதனையும் அறியவேண்டியதில்லை.

இதனால் வேகம் குன்றும் என்பர். பழைய பாட்டையில் ஒருமுறை துறைக்கு எழுதவே ஏறத்தாழ ஒரு மைக்ரோசெக்கன் செல்லும். ஒரு சார்பை அழைப்பதன் செலவு அதற்கு முன் அற்பம். ஒவ்வொரு துணுக்குக்கும் கருவினுள் சென்று மீள்வது சற்றுப் பாரமே. நேரம் தவறாச் சமிக்ஞைகளுக்கு அது பொருந்தாது என்பதும் மெய். அத்தகைய பணியைச் செலுத்தியிடமோ தனி நுண்கட்டுப்படுத்தியிடமோ ஒப்படைத்தலே தக்கது.

ஆய்வுகூடத்து அளவீட்டுக் கருவியொன்று பழுதின்றி இருக்க, அதனோடிணைந்த பழைய கணினி மட்டும் செத்துப்போகும்போதே இவ்வழக்கின் கனம் புலப்படும். கணிப்பு, வரைபு, பதிவு ஆகிய அனைத்தினுள்ளும் 888 என்ற எண்ணை விரவிவிட்டவன், நல்ல கருவியையும் அக்கணினியோடு சேர்த்தே புதைக்கின்றான். அவ்வெண்ணை ஒரு கோப்பில் அடக்கியவனுக்குத் திருத்தி எழுதவேண்டியது அந்த ஒரு கோப்பே.