மதம் முந்தியா? புரோகிதன் முந்தியா?

மதம் என்பது கடவுளால் மனிதனுக்கு அருளப்பட்டதென்றும், அது ஆதிகாலந் தொட்டே இருந்து வருகின்றதென்றும் எல்லா மதத்து வைதீகர்களும் சொல்லி வருகின்றார்கள். இவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். மனித ஜாதி தோன்றிச் சுமார் 3,00,000 வருஷங்களாகின்றன. இன்றுள்ள மதங்களின் வேத புஸ்தகம் எதற்கும் 4,000 வருஷ வயதுகூட ஆகவில்லை. அப்படியானால் மீதிக் காலமெல்லாம் அந்த அருள் எங்கே போயிருந்தது?

நிற்க, பூமியைத் தோண்டிப் பார்த்தவர்கள் கண்டதென்ன? இஸ்ரேல் தேசத்துக் கஃப்சே குகையில் 90,000 வருஷங்களுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு பிள்ளையின்மேல் மான்கொம்பு வைக்கப்பட்டிருந்தது. ருஷியாவில் சுங்கீர் என்னுமிடத்தில் சுமார் 34,000 வருஷங்களுக்கு முன் புதைக்கப்பட்ட இரண்டு பிள்ளைகளுடன், மாமத யானைத் தந்தத்தில் செய்த சுமார் 10,000 மணிகள் கிடைத்தன. இவற்றைச் செய்தவர்கள் வேட்டையாடிப் பிழைத்தவர்கள். சாவுக்கும் இடிக்கும் இருட்டுக்கும் காரணம் அறியாத காலத்தில், செத்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் செய்த காரியமாகவே இது நமக்குப் படுகின்றது. அவர்களை நாம் பரிகசிக்க மாட்டோம். அங்கே தட்சணை வாங்கினவன் ஒருவன் இருந்ததற்கு யாதொரு அடையாளமும் காணோம்.

பிறகு விவசாயம் வந்தது, தானியம் மிஞ்சிற்று, அதன்மேல் கண் வைப்பவனும் வந்து சேர்ந்தான். மெசொப்பொத்தேமியாவில் ஊருக் நகரத்துக் கோவில் வட்டாரத்தில், சுமார் 5,300 வருஷங்களுக்கு முந்திய களிமண் ஏடுகள் ஆயிரக்கணக்கில் அகப்பட்டிருக்கின்றன. மனிதன் எழுதிய முதல் எழுத்துக்களில் சேர்ந்தவை அவை. அவற்றில் தோத்திரம் உண்டா? மந்திரம் உண்டா? கிடையாது. வாற்கோதுமை இவ்வளவு, ஆடு இவ்வளவு, பீர் இவ்வளவு என்கின்ற வரவு செலவுக் கணக்குகளே பெரும்பாலும்! மற்றவை எழுதப் பழகுவோருக்கான சொல் வரிசைகள். கடவுள் வாக்கு ஏட்டில் ஏறுமுன் கோவில் கணக்கு ஏறிவிட்டது!

ஆகவே, பயமும் துக்கமும் மனித சுபாவம். அவற்றிற்கு விலை போட்டவன் பிந்தி வந்தவன் என்பதே நமது அபிப்பிராயம். இன்று இடிக்குக் காரணம் மின்சாரமென்றும், காலராவுக்குக் காரணம் கிருமியென்றும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பயத்தின் வேர் அறுந்த பின்னும் அதன் பேரால் நடக்கும் வசூல் மாத்திரம் நின்றபாடில்லை.

தகப்பன் செத்த துக்கத்தோடு கடன் பத்திரமும் எழுதிக் கொடுத்துக் கருமாதி நடத்தும் தோழர்களே! காட்டில் வேட்டையாடித் திரிந்தவன் தன் பிள்ளைக்குத் தன் கையாலேயே செய்து முடித்த காரியத்திற்கு, படித்த காலத்தில் பிறந்த உங்களுக்கு இடையிலே ஒரு தரகன் எதற்கு? யோசித்துப் பாருங்கள்.