நிர்ப்பந்தத்தில் கொடுத்தவருக்கு ஏழு நாள்

பட்டா மாறுதலுக்கு மனுச் செய்துவிட்டு மாதக்கணக்கில் தாலுகா அலுவலகத்துக்கு நடந்து நடந்து, இனி நடக்கச் சக்தியற்று, கேட்ட தொகையைக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிற ஓர் ஏழை விதவையையும், கோடிக்கணக்கான ரூபாய் ஒப்பந்தத்தைப் பிறர்க்குக் கிட்டாமல் தானே பெறுவதற்காக வலிய முன்வந்து பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு காண்டிராக்டரையும் ஒரே பிரிவின்கீழ் குற்றவாளிகளாக நிறுத்தக்கூடிய சட்டம், லஞ்சத்தை ஒழிக்கும் சக்தி வாய்ந்ததாக இருக்கமுடியாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

1988-ஆம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டத்தில், லஞ்சம் கொடுத்தவர் அதனை வாக்குமூலமாகச் சொன்னால் அதைக்கொண்டு அவர்மீதே வழக்குத் தொடரலாகாது என்று அபயமளித்த 24-ஆவது பிரிவு ஒன்று இருந்தது. 2018-இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. லஞ்சம் கொடுப்பதை 8-ஆவது பிரிவில் ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கி, நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர் ஏழு தினங்களுக்குள் புகார் செய்தால் மட்டும் தப்பலாம் என்றும் விதித்தது. கொடுக்கிற கையும் குற்றமுள்ளதே என்னும் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், பணம் வாங்கிய அதிகாரியின் மேஜைமேலேயே தன் மனு இன்னும் கிடக்கும்போது, அவர்மீது ஏழு நாளைக்குள் புகார் எழுதிக்கொடுக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? எட்டாவது நாள் விடிந்ததும் அந்த விதவை தன் வாயைத் தானே மூடிக்கொள்ள வேண்டியவளாகிறாள். அவள் மௌனமே வாங்கியவருக்குக் கவசமாகிவிடுகிறது.

அதே திருத்தம் அதிகாரவர்க்கத்துக்குக் காட்டிய தாராளத்தையும் பார்க்கவேண்டும். உத்தியோக முறையில் எடுத்த முடிவைப் பற்றி விசாரணை தொடங்குவதற்கே 17-அ பிரிவின்படி முன்அனுமதி வேண்டும். அனுமதி வழங்குவோர் யோசிப்பதற்கு மூன்று மாதமும், தேவையானால் மேலும் ஒரு மாதமும் அவகாசம். கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லையெனினும், நியாயஸ்தலத்தில் வழக்குத் தொடர 19-ஆவது பிரிவின் அனுமதி அவர் விஷயத்திலும் அவசியமே.

ரசாயனம் தடவிய நோட்டுகளைக் கொடுத்து அனுப்பிப் பிடிக்கிற வழக்கு எதுவானாலும், அதிகாரி பணம் கேட்டார் என்பதற்குப் பெரும்பாலும் புகார்தாரரே பிரதான சாட்சி. அவர் மரணமடைந்தாலும் பிறழ்சாட்சியானாலும் ஏனைய சாட்சியங்களைக் கொண்டு அதனை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு தீர்ப்பளித்தது பெரிய உபகாரம். ஆயினும் முதற்புகாரே எழாத இடத்தில் எந்தத் தீர்ப்பும் பயன்படாது.

நிர்ப்பந்த லஞ்சம் கொடுத்தவரைத் தண்டிக்கலாகாது என்று 2011-இல் பொருளாதார அறிஞர் கௌசிக் பாசு சொன்ன யோசனையை அன்று பலர் கண்டித்தனர். சட்டப்படி தமக்குச் சேரவேண்டியதைப் பெறுவதற்காகக் கொடுத்தவர்கள் அளவில் அது சரியென்றே நான் கருதுகிறேன். அவர்களுக்கு நாள் வரையறையே கூடாது. வலியக் கொடுத்துச் சலுகை பெற்றவருக்கு இன்றைய தண்டனை அப்படியே நீடிக்கட்டும். அதிகாரிகள்மீது விசாரணைக்கோ வழக்குக்கோ கேட்ட அனுமதி குறித்த காலத்தில் மறுக்கப்படாவிட்டால், அது வழங்கப்பட்டதாகவே கொள்ளவேண்டும். கோப்பு நகர்வதற்காகக் கைமாறும் பணத்தை, நம் தமிழகத்தவரான க. சந்தானத்தின் தலைமையில் அமைந்த குழு 1964-லேயே எடுத்துக்காட்டிவிட்டது. ஆதலால் புகார் பதிவான அன்றே அந்த மனுவை வேறோர் அதிகாரியிடம் ஒப்படைத்து, குறித்த கெடுவுக்குள் எழுத்துமூலம் முடிவு சொல்லும் கடமையையும் சட்டத்திலேயே சேர்க்கவேண்டும்.