குத்தம் லைன்ல இல்லீங்க

போன ஐப்பசி மழையில நாலு நாள் எங்க வீட்டு லேப்டாப்புல நெட் இல்லை. தாண்டிக்குடி பக்கம் இதெல்லாம் சகஜம்தான். மரக்கிளை விழும், குரங்கு வயர்ல தொங்கும், மண்ணு சரியும். அதனால வழக்கம்போல லைன்காரருக்குப் போன் போட்டேன். பாவம், கொட்டுற மழையில பைக்ல மலையேறி வந்தார். பார்த்துட்டு, "அண்ணே, லைன் நல்லாத்தான் இருக்கு"ன்னு கிளம்பிட்டார்.

அப்பத்தான் கவனிச்சேன். அடுப்படியில வீட்டுக்காரம்மா போன்ல சமையல் வீடியோ ஓடிக்கிட்டிருக்கு, அதே வைஃபையில!

கோயம்புத்தூர்ல இருக்கிற அண்ணன் மகன், "சித்தப்பா, பழைய சிஸ்டம் ஆபத்து, புதுசு ஏத்திடுங்க"ன்னு சொன்னதைக் கேட்டு முந்தின வாரம்தான் ஏத்தியிருந்தேன். அவன் சொன்னது தப்பில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. ஆனா சிஸ்டம் மாறினா வைஃபை கருவியை இயக்குற டிரைவரும் அதுக்குப் பொருந்தணும். பொருந்தலைன்னா நெட் போயிடும். அந்த டிரைவரை இறக்கவும் நெட் வேணும். கிணத்துல விழுந்த வாளியை எடுக்கிற கொக்கியும் அதே கிணத்துக்குள்ள கிடந்த கதைதான்.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. 2016 டிசம்பர்ல பிரிட்டன்ல நிறைய விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்கள் நெட் இழந்தப்போ, தீர்வை இணையப் பக்கத்துலதான் போட்டாங்க. 'ரீஸ்டார்ட் பண்ணுங்க'ன்னு. நெட் இல்லாதவன் அதை எங்கே போய்ப் படிப்பான்?

எனக்கு வழி சொன்னதும் அண்ணன் மகன்தான். போனை வைஃபையில வச்சுக்கிட்டே, சார்ஜர் வயரால லேப்டாப்போட இணைச்சு, 'யுஎஸ்பி டெதரிங்' போடச் சொன்னான். நெட் வந்துடுச்சு. லேப்டாப் மாடல் நம்பரைப் போட்டு டிரைவரை இறக்கினேன். பத்து நிமிஷ வேலை. இதுக்கு நாலு நாள்! மெயில்ல வந்த ஆர்டரைப் பார்க்காம ரெண்டு தார் மலைவாழை கனிஞ்சு மாட்டுக்குப் போச்சு.

இலை மஞ்சளானா மருந்தைத் தூக்காதே, முதல்ல வேரைப் பாருன்னு ஊருக்கே சொல்றவன் நான். இதுல கோட்டை விட்டேன். இன்னொரு போன்ல நெட் வருதான்னு பார்த்திருந்தா, லைன்காரரை மழையில அலைய விட்டிருக்க மாட்டேன்.

பட்டணத்துல இருக்கிற பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்லணும். "அப்டேட் போட்டுடுங்கப்பா"ன்னு போன்ல சொல்லிட்டு வச்சிடாதீங்க. உங்களுக்கு அடுத்த தெருவுலயே கடை இருக்கு. எங்களுக்கு வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறணும். பொங்கலுக்கு வரும்போது பக்கத்துல உட்கார்ந்து நீங்களே ஏத்திக் கொடுங்க. அதுக்கு முன்னாடி வைஃபை டிரைவரை ஒரு பென் டிரைவ்ல போட்டு வைங்க. சரிப்படலைன்னா விண்டோஸ் 11-லிருந்து பழையதுக்குத் திரும்ப வழக்கமா பத்து நாள் வரைக்கும் வழி இருக்கு, அதையும் காட்டிக் கொடுங்க.

சிஸ்டத்தைப் புதுப்பிக்க வேண்டாம்னு நான் சொல்லலை. நாத்து நடும்போது பக்கத்துல ஆள் நிக்கணும், அவ்வளவுதான்.