மணலி அம்மோனியம் நைட்ரேட்: கன்டெய்னரை இறுக்கி மூடிவிட்டால் தீப்பிடிக்காதா?

மணலி கிடங்கில் 5 வருஷமா கிடந்த அம்மோனியம் நைட்ரேட் 2020 ஆகஸ்டில் ஒருவழியாக ஐதராபாத் கிளம்பத் தொடங்கியது. முதல்கட்டமாக 10 கன்டெய்னர்கள் ஞாயிற்றுக்கிழமை (ஆகஸ்ட் 9, 2020) போலீஸ் பாதுகாப்போடு புறப்பட்டன. மொத்தம் 37 கன்டெய்னர்கள், 697 டன். 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சரக்கு இது. ஆகஸ்ட் 4-ம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் இதே ரசாயனம் 2,750 டன் வெடித்து 150 பேருக்கு மேல் இறந்த பிறகுதான், மணலி முதல் மீஞ்சூர் வரை பலருக்கும் இப்படி ஒன்று பக்கத்தில் இருப்பதே தெரிய வந்தது.

கூடவே ஒரு கேள்வியும் வந்தது: "இரும்புப் பெட்டியில போட்டு சீல் வெச்சிருக்காங்க, உள்ள காத்தே போகாது. அப்புறம் எப்படி எரியும்?"

காற்று இல்லாமல் எரியுமா?

கேள்வியில் நியாயம் இருக்கு. மீஞ்சூரை ஒட்டிய அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கு வரும் நிலக்கரியையே எடுத்துக்கோங்க. நிலக்கரிக் குவியல் தானாகச் சூடாகிப் புகையும். அதனால்தான் இடையில் காற்று புகாதபடி அதை அழுத்தி இறுக்குவார்கள். ஆக்ஸிஜனை நிறுத்தினால் நிலக்கரித் தீ அடங்கும்.

அம்மோனியம் நைட்ரேட்டிடம் இந்த வேலை பலிக்காது. அதன் எடையில் 60 சதவீதம் ஆக்ஸிஜன்தான். கணக்குப் போட்டால் மணலியில் இருந்த 697 டன்னில் சுமார் 418 டன்! கடுமையாகச் சூடாகும்போது அந்த உப்பு சிதைந்து, தீக்குத் தேவையான ஆக்ஸிஜனைத் தானே கொடுக்கும். பொறி பறக்கவும் காற்று கட்டாயமில்லை. ஆர்கான் வாயுவை விட்டு வெல்டிங் அடிப்பவர்களுக்கு இது தெரியும்.

அதுக்காக சும்மா இருக்கும்போதே வெடிச்சிடாது. வெளியிலிருந்து பெரிய தீயோ, டீசல் மாதிரி எரிபொருள் கலப்போ, பலமான அதிர்ச்சியோ வேண்டும். ஆனால் தீ பிடித்துவிட்டால் மூடிய இடம் ஆபத்தைக் கூட்டும். வெளியேற வழியில்லாத வாயு அழுத்தமாக மாறும்.

1947-ல் நடந்தது என்ன?

அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில், இதே ரசாயனம் ஏற்றிய 'கிராண்ட்கேம்ப்' கப்பலில் ஏப்ரல் 16-ம் தேதி தீப்பிடித்தது. தண்ணீர் அடித்தால் சரக்கு வீணாகிவிடும் என்று நினைத்தார்கள். கப்பலின் மூடிகளை அடைத்து உள்ளே நீராவியைச் செலுத்தினார்கள், ஆக்ஸிஜன் இல்லாமல் தீ அணையும் என்று. கொஞ்ச நேரத்தில் கப்பலே வெடித்தது. சுமார் 580 பேர் பலி.

ஆகவே 'சீல் வைத்திருக்கிறோம்' என்பது மட்டும் பதில் ஆகாது. பக்கத்தில் எண்ணெய், பஞ்சு, மரம் இருக்கிறதா, தீப்பிடித்தால் உடனே கொட்டத் தண்ணீர் ஏராளமாக இருக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும். முதல்கட்டம் கிளம்பிய அன்று இன்னும் 27 கன்டெய்னர்கள் மணலியில் இருந்தன.