புல்லுக்குச் செலவழிக்கும் முன் கரிசலைப் பாருங்கள்



கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு ஒரே மாதிரி போன் வருகிறது. "சார், ஊர்ல வீட்டுக்குப் பின்னால பிள்ளைங்க விளையாட டர்ஃப் போடலாம்னு இருக்கேன். அப்பா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாங்க." சென்னையிலும் பெங்களூருவிலும் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து டர்ஃபில் ஆடிப் பழகியவர்கள் நீங்கள். ஊரில் இடம் சும்மா கிடக்கும்போது அந்த ஆசை வருவது நியாயம்தான். ஆளுக்கு ஆள் பதில் சொல்வதைவிட இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

என் கருத்து இதுதான். நம் கரிசலில் டர்ஃப் போடுவதென்றால், பணத்தில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு, அதாவது தரைக்குக் கீழே, போக வேண்டும். அதற்கு மனம் வரவில்லை என்றால் டர்ஃபே வேண்டாம்.

கரிசல் களிமண் ரகம். அதிலுள்ள நுண்துகள்கள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியவை. மாண்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் அதில் அதிகம். தாள் அடுக்கிய மாதிரி இருக்கும் அதன் அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கும். ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும் அந்தக் குணத்தால்தான் மானாவாரியில் பருத்தி விளைகிறது. அதே குணம்தான் ஆடுகளத்தைக் கெடுக்கிறது.

டர்ஃப் போடுகிறவர் இடம் பார்க்க வருவது பெரும்பாலும் பங்குனி, சித்திரையில். மண் அப்போது இரும்பு மாதிரி இருக்கும். "தரை நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு" என்பார். நாலு லோடு சரள் அடித்து, மேலே கிரஷர் தூசி பரப்பி, ஒரு தடவை ரோலர் ஓட்டிப் புல்லை விரித்துவிடுவார். போட்டோவில் பிரமாதமாக இருக்கும். ஐப்பசி மழையில்தான் சமாச்சாரம் தெரியும். நம் மாணவர் ஒருவர் வீட்டில் அப்படித்தான் ஆனது. நடுவில் தண்ணீர் தேங்கி ஒரு வாரம் வற்றவில்லை. ஓரம் மேடாக உப்பியது. கோடையில் வெடிப்பு விட்டு, சரளும் தூசியும் அதற்குள் இறங்கிப் புல்லுக்கு அடியில் பள்ளம் விழுந்தது. பள்ளம் மேலே தெரியாது. ஓடுகிற பிள்ளையின் கணுக்காலுக்குத்தான் தெரியும். போட்டவரைக் கேட்டால், வாரண்டி புல்லுக்கு மட்டும்தான், தரைக்கு இல்லை என்கிறார்.

ஆகவே பணம் கொடுக்கும் முன் உங்கள் மண்ணை நீங்களே சோதியுங்கள். காய்ந்த மண்ணைப் பொடித்து, சலித்து, அளவுக் குடுவை இரண்டில் 10 மில்லி வீதம் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் அதைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் கூடியிருந்தால் மிக மோசமாக உப்பும் மண் அது. பொறியாளர்களும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள். இன்னொன்று, ஒரு அடிக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நின்றால், மழைத் தண்ணீர் கீழே இறங்கிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இனி வேலை. கரிசலில் வீடு கட்ட வானம் தோண்டுகிறவர்கள் சுக்கான் தட்டுப்படும் வரை போவார்கள். ஆடுகளத்துக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம். ஒரு அடியாவது மண்ணை எடுத்தாக வேண்டும். 50 அடிக்கு 30 அடி இடமென்றால் 1,500 கன அடி, நம் கணக்கில் 15 யூனிட். இதைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். பின்வாங்க வேண்டிய இடமும் இதுதான்; பாதி வேலையில் அல்ல.

தோண்டிய அடித்தளத்துக்கே சரிவு கொடுக்க வேண்டும். நூறு அடிக்கு ஒரு அடி என்றால், 30 அடி அகலத்துக்கு மூன்றரை அங்குலம். மண் சேறாகவும் கூடாது, கட்டியாகவும் கூடாது. உருட்டினால் உருண்டு, விரலில் ஒட்டாத பதத்தில் ரோலர் ஓட்ட வேண்டும். அந்த அடிமண்ணில் சுண்ணாம்பு கலந்தால் உப்பும் குணம் குறையும். எவ்வளவு என்பதை மண்ணைப் பார்த்துப் பொறியாளர் சொல்லட்டும். அதன் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி. அது இல்லாவிட்டால் களி மேலேறி ஜல்லிக்குள் புகும், ஜல்லி கீழே இறங்கும். பிறகு உடைத்த ஜல்லியை நான்கு நான்கு அங்குலமாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். தாழ்ந்த பக்கம் துளையுள்ள குழாய். அது எங்கே போய் முடிகிறது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். 5 சென்டிமீட்டர் மழைக்கு இந்த இடத்தில் விழுவது சுமார் 7,000 லிட்டர். அது பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போனால் விளையாட்டு வழக்கில் முடியும். குளியலறைத் தண்ணீரும் அந்தப் பக்கம் வரக் கூடாது. ஒரு ஓரம் மட்டும் நனைந்தால் அந்த ஓரம் மட்டும் உப்பும்.

செயற்கைப் புல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஹாக்கியைச் செயற்கைப் புல்லில் நடத்தினார்கள். மண்ணிலும் புல்லிலும் ஆடி வளர்ந்த நம் அணிக்கு 7-ம் இடம்தான் கிடைத்தது. கோவில்பட்டியில் இன்று செயற்கைப் புல் மைதானம் இருப்பது நம் பிள்ளைகளுக்குப் பெரிய வாய்ப்பு. போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு அது அவசியம்.

வருஷத்தில் இருபது நாள் வந்து போகும் பேரப்பிள்ளைகளுக்கு அவசியமா என்பதுதான் என் கேள்வி. அதுவும் அவர்கள் வருவது மே மாதத்தில். நேர் வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதைப் பல நாடுகளில் அளந்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் சாயங்காலம் வரை அதில் வெறுங்காலை வைக்க முடியாது. புல்லுக்கிடையே கொட்டும் ரப்பர் துகளும் காற்றிலும் மழையிலும் வெளியேறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் விதி கொண்டுவந்து, 2031-க்குப் பிறகு அதை விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. போடுவதென்றால் மணல் மட்டும் போடச் சொல்லுங்கள்.

மீதி பதினொரு மாதமும் அதைக் கூட்டிப் பெருக்கி, வேப்பஞ்சருகு அள்ளிப் பாதுகாக்கப்போவது அறுபது, எழுபது வயதான உங்கள் அப்பா அம்மா. வாட்ஸ்அப்பில் ஒப்புதல் கேட்டால் அவர்கள் "சரிப்பா" என்றுதான் சொல்வார்கள். நேரில் வந்து, அந்த இடத்தில் நின்று கேளுங்கள்.

இதற்குப் பதில் அரை அடி மண்ணை எடுத்து, நல்ல செம்மண் சரள் அடித்து, சரிவு கொடுத்து, ஒரு வலையைக் கட்டுங்கள். வாலிபால், ரிங்பால், கபடி எல்லாம் ஆடலாம். மழைக்குப் பின் பள்ளம் விழுந்தால் இரண்டு கூடை மண்ணில் சரியாகிவிடும். மிஞ்சும் பணத்தில் நாலு பேர் சேர்ந்து நம் பள்ளி மைதானத்துக்கு வடிகால் எடுத்துக் கொடுத்தால், ஊர்ப் பிள்ளைகள் வருஷம் முழுக்க ஆடுவார்கள்.

இல்லை சார், டர்ஃப்தான் என்றால் மகிழ்ச்சியாகப் போடுங்கள். ஆனால் முதலில் இடத்தைப் பார்க்கச் சொல்லி டர்ஃப்காரரை ஒரு முறை கார்த்திகையில், மழை விட்ட மறுநாள் அழைத்து வாருங்கள். செருப்பில் ஒட்டும் மண் அவருக்கு மீதியைச் சொல்லிவிடும்.

எல்லோரும் நலமாக இருங்கள். இதில் அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்குப் பயன்படும்.