மின்னலும் மின்சாரப் பட்டையும்

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் வந்து போன நேயர்கள் அறிவார்கள். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்கள், சிவபெருமான் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்கிட்டுக் கொண்டார்களாம்; கோமதி அம்மன் தவமிருந்து, இருவரும் ஒன்றே என்னும் சங்கரநாராயணர் காட்சியைப் பெற்றாளாம். அவ்வளவு பெரிய வழக்கே தீர்ந்துபோன இந்த ஊரில், என் வீட்டு நாய்க்கும் அடுத்த வீட்டு ஆச்சியின் கோழிகளுக்கும் ஏற்பட்ட வழக்கு மட்டும் எளிதில் தீர்வதாக இல்லை.

நாயின் பெயர் மின்னல். வைத்தவள் என் மகள். வயது பத்து மாதம். ஜாதியோ சிப்பிப்பாறை. அந்தப் பெயருள்ள கிராமம் எங்கள் ஊருக்கு வெகு தூரத்தில் இல்லை. இன்னொரு பக்கம் இராஜபாளையம்; அவ்வூர் நாய்க்கு 2005-ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் தபால் தலையே வெளியிட்டுக் கௌரவித்திருக்கிறது. சிப்பிப்பாறை நாய்க்கு அந்தப் பாக்கியம் கிட்டாவிட்டாலும், ஓட்டத்தில் அது யாருக்கும் இளைத்ததல்ல. மோப்பத்தைவிடக் கண்ணையே நம்பி வேட்டையாடும் இனம் அது. எது ஓடுகிறதோ, அதைத் துரத்த வேண்டும் என்பது அதன் இரத்தத்தில் எழுதப்பட்ட சட்டம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் முயல் வேட்டை குற்றமாகிவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தை நாய்க்கு யார் வாசித்துக் காட்டுவது?

சித்திரை மாதத்தில் ஒருநாள் ஆச்சியின் அடைக்கோழி இரை பொறுக்க இறங்கிற்று. அடைக்கோழி நாளெல்லாம் முட்டைமேல் கிடந்து, ஒருதரம்தான் இப்படி எழுந்து வரும். மின்னல் சுவரைத் தாண்டியதை நான் கண்டேன். மற்றதைக் காணும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆச்சி கூச்சல் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "கோழி போனாப் போகட்டும், சார்வாள். பதினோரு முட்டை அனாதையாக் கெடக்கே!" என்றாள். அன்றோடு அடை வைத்து ஒன்பது நாள். குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள் வேண்டும். முட்டை விற்ற காசில்தான் பேத்திக்கு நோட்டுப் புத்தகம் வாங்குகிற குடும்பம் அது. நான் நீட்டிய பணத்தை வாங்கிக் கொண்டு, மேலத் தெருவில் ஒரு வீட்டிலிருந்து அடைக்கோழி ஒன்றை இரவல் கேட்டு வந்து, இருட்டினபிறகு சத்தமில்லாமல் முட்டைகளின் மேல் உட்கார்த்தினாள். இரவில் வைத்தால் கோழி வேற்றுமை பாராட்டாதாம்.

ஆக, குஞ்சுகள் முற்றத்தில் இறங்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அதற்குள் மின்னலைத் திருத்தியாக வேண்டும். செத்த கோழியை அதன் கழுத்திலேயே கட்டித் தொங்கவிடும்படி பெரியவர் ஒருவர் சொன்னார். சென்னையிலுள்ள என் மருமகப்பிள்ளை இன்னும் நாகரிகமான யோசனை கூறி, பொருளையும் தபாலில் அனுப்பி வைத்தான். அதுதான் மின்சாரக் கழுத்துப்பட்டை. பட்டையின் உள்பக்கம் இரண்டு உலோக முனைகள் நாயின் தோலில் படும். நம் கையிலுள்ள ரிமோட்டை அழுத்தினால், பாட்டரியிலிருந்து சுரீர் என்று ஓர் அதிர்ச்சி பாயும். "மின்னலுக்கே மின்சாரமா?" என்று சிரித்தாள் என் மனைவி.

முதலில் என் முன்கையில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது அளவிலேயே கையை உதறிவிட்டேன். அப்போதே அதைப் பெட்டியில் போட்டு மூடியிருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் கணக்கு என் புத்தியை மறைத்தது.

மறுநாள் மாலை சுவரோரம் ஒரு கோழி மேய்ந்தது. மின்னல் உடம்பை விறைத்து நின்றது. அழுத்தினேன். அதே க்ஷணத்தில் ஆச்சியின் பேத்தி கோழிகளை அடைக்கக் கூடையோடு வாசலில் வந்தாள். நாய் அவள் பக்கம் தலையைத் திருப்பியிருந்தது. வீல் என்று அலறிக் கொண்டு அது கட்டிலுக்கடியில் புகுந்து கொண்டது. மறுநாளிலிருந்து கோழியைக் கண்டால் முன்போலவே காதை நிமிர்த்திற்று. அந்தக் குழந்தையைக் கண்டாலோ வாலை இடுக்கிக் கொண்டு உறுமத் தொடங்கிற்று! அதுவரை அவள் கையில் தோசை வாங்கித் தின்ற நாய் அது. மணியோசைக்கும் சோற்றுக்கும் முடிச்சுப் போடும் நாயைப் பற்றி, ருஷ்யப் பண்டிதர் பாவ்லாவின் பெயரைச் சொல்லி வகுப்பில் எத்தனை தடவை பாடம் நடத்தியிருக்கிறேன்! முடிச்சு எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை என்று எனக்கே தோன்றாமல் போயிற்று.

பிறகுதான் படித்துப் பார்த்தேன். (முன்னாலல்லவா படித்திருக்க வேண்டும்!) இங்கிலாந்தில் லிங்கன் சர்வகலாசாலையார், ஆடு துரத்தும் பழக்கமும் கூப்பிட்டால் வராத குணமும் உள்ள 63 நாய்களை வெவ்வேறு முறைகளில் பழக்கிப் பார்த்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். மின்சாரப் பட்டையால் விசேஷ லாபம் எதுவும் காணவில்லை. அதை அணிந்த நாய்களிடம் பதற்றத்தின் அடையாளங்கள்தான் மிகுந்திருந்தன. வேல்ஸ் தேசத்தில் 2010-லேயே நாய்க்கும் பூனைக்கும் இதை அணிவிக்கக் கூடாதென்று தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டிலும், ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் எடுத்த முயற்சியின் பயனாய், 1960-ல் மிருகவதைத் தடைச் சட்டம் வந்திருக்கிறது.

பட்டை பரண் ஏறிற்று. பத்து முழக் கயிறு ஒன்று வாங்கினேன். ஆச்சி ஒரு கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து முற்றத்து நடுவில் வைத்தாள். பஞ்சாரத்துக்குள் இருக்கும் கோழி ஓடாது; ஓடாத கோழியைத் துரத்த முடியாது. இருபது அடி தூரத்தில் மின்னலை நிறுத்தி, அது கோழியை விட்டு என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவித்த முட்டையில் ஒரு துணுக்குக் கொடுத்தேன். முட்டை ஆச்சியிடம் வாங்கியதுதான். கோழியைத் தின்னாதிருப்பதற்கு முட்டையைக் கூலியாகக் கொடுப்பது என்ன தர்மமோ தெரியவில்லை. ஆச்சிக்கு மட்டும் வியாபாரம் நன்றாக நடந்தது. காலையில் கால் மணி, மாலையில் கால் மணி. கயிறு விறைத்தால் நாலடி பின்னுக்கு; தளர்ந்திருந்தால் ஓரடி முன்னுக்கு.

பதினொன்றில் ஆறு குஞ்சு பொரித்தன. அவை முற்றத்தில் இறங்கிய அன்று மின்னலைத் தூணில் கட்டிவிட்டேன். என் பாடத்தில் எனக்கு அத்தனை நம்பிக்கை இல்லை. இப்போது மூன்று மாதமாகிறது. பஞ்சாரத்துக்கு அருகில் படுத்து அது கொட்டாவி விடுகிறது. ஆனால் ஏதாவதொரு கோழி சிறகடித்துச் சுவர்மேல் எழும்பினால், அதன் தொடை நடுங்குவதைக் கயிற்றின் வழியாக என் கை உணர்கிறது. கயிறு இன்னும் கழற்றப்படவில்லை.

குழந்தையின் விஷயம்தான் இன்னும் தாமதமாகிறது. தினமும் மாலையில் அவள் திண்ணைக்கு வந்து, நாயைப் பாராமல் வேறு பக்கம் திரும்பிக் கொண்டு, ஒரு தோசைத் துண்டைப் போடுகிறாள். முதல் வாரம் அவள் வீட்டுக்குள் போகும் வரையில் மின்னல் அதைத் தொடவில்லை. நேற்று நாலடி தூரத்தில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே வந்து எடுத்துக் கொண்டு போயிற்று. "மாமா, இன்னைக்கு உறுமலை" என்று என்னிடம் வந்து சொன்னாள்.